நாய்க்குட்டிக்கு எதைக் கடிக்கக் கொடுக்கலாம்? மெல்லும் தின்பண்டம் தேர்வதற்கு முழுமையான வழிகாட்டி

மெல்லும் தின்பண்டப் பொட்டலங்களில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் வாசகம் ஒன்று உண்டு: 'நீண்ட நேரம் தாங்கும்'. வாங்குகிறவருக்கும் அதுதான் வேண்டியிருக்கிறது. செருப்பு, மேசைக்கால், மின்கம்பி என்று கண்டதையெல்லாம் கடிக்கும் குட்டி ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் கிடந்தால் போதும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் நாய்க்குட்டியைப் பொறுத்தவரை அந்த வாசகத்தை எச்சரிக்கையாகவே படிக்க வேண்டும். ஒரு தின்பண்டம் நெடுநேரம் தாங்குகிறது என்றால், ஒன்று அது குட்டியின் பல்லுக்கு மீறிய கடினத்தோடு இருக்கிறது. அல்லது எளிதில் கரையாத பொருளால் ஆனது. முதலாவது பல்லை உடைக்கும், இரண்டாவது குடலை அடைக்கும். குட்டிக்கு ஏற்றது பெரும்பாலும் சீக்கிரம் தீர்ந்துபோகும் பண்டம்தான். இதை ஏற்றுக்கொண்டுவிட்டால் தேர்வு பாதி முடிந்துவிட்டது.

முதல் படி: வாயைத் திறந்து பாருங்கள்

எதையும் வாங்கும் முன் குட்டியின் வயதையும் பல்லின் நிலையையும் தெரிந்துகொள்ளுங்கள். நாய்க்குட்டிக்குப் பால் பற்கள் 28. பிறந்து மூன்றாவது வாரத்தில் முளைக்கத் தொடங்கி, எட்டு வாரத்துக்குள் பெரும்பாலும் எல்லாம் வந்துவிடும். மூன்று, நான்கு மாதத்தில் முன்பற்களில் தொடங்கி ஒவ்வொன்றாக விழும். ஆறேழு மாதத்துக்குள் நிரந்தரப் பற்கள் 42ம் வந்து சேரும். பால் பற்களின் வரிசையில் அரைக்கும் கடைவாய்ப் பற்களே கிடையாது. ஆகவே மூன்று மாதக் குட்டியால் ஒரு பொருளை அரைத்துக் கூழாக்க முடியாது. கிழிக்கும், நசுக்கும், வாய்க்குள் போனதை அப்படியே விழுங்கிவிடும்.

பால் பல் ஊசிபோல் கூர்மையாக இருப்பதால் வலுவானது என்று நினைத்துவிடக் கூடாது. அதன் எனாமல் மெல்லியது, உள்ளே இருக்கும் நரம்புக்கூழோ பெரியது. அது உடைந்தால் கூழ் வெளியே தெரியும், கிருமி உள்ளே இறங்கும்; கீழே வளர்ந்துகொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் முளையும் பாதிக்கப்படலாம். 'எப்படியும் விழப்போகிற பல்தானே' என்று விட்டுவிட முடியாததற்கு இதுதான் காரணம்.

பல் விழும் மாதங்களில் ஈறு சிவந்திருப்பதும், கடித்த பொருளில் சிறு இரத்தக் கறை இருப்பதும் வழக்கமானவை. விழுந்த பல்லைக் குட்டி விழுங்கிவிடுவதும் உண்டு, கவலைப்பட வேண்டாம். நிரந்தரக் கோரைப்பல் வந்த பிறகும் பால் கோரைப்பல் விழாமல் பக்கத்திலேயே நின்றால் மட்டும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அதை எந்தத் தின்பண்டத்தாலும் விழவைக்க முடியாது.

இரண்டாம் படி: நகத்தால் அழுத்துங்கள்

எனக்குத் தெரிந்து இதைவிட எளிய, நம்பகமான சோதனை இல்லை. பண்டத்தின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்துங்கள். நகம் பதிந்து சிறு தடம் விழ வேண்டும். தடம் விழவில்லை, நகம் வழுக்கிக்கொண்டு போகிறது என்றால் அது குட்டிக்கு ஆகாது. இரண்டு கையாலும் பிடித்து வளைத்தும் பாருங்கள். கொஞ்சமாவது வளைந்து கொடுக்க வேண்டும். அப்போதும் சந்தேகம் தீரவில்லையா? அதைக் கொண்டு உங்கள் முழங்கால் சில்லில் ஓங்கித் தட்டச் சம்மதிப்பீர்களா என்று யோசியுங்கள். பல் மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் பலரும் சொல்லும் அளவுகோல் இது.

இந்தச் சோதனையில் தோற்பவை எவை என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். மான்கொம்பு, மாட்டுக் குளம்பு, எலும்பு, கெட்டி நைலான் கட்டை, யாக் பாலில் செய்து கல்போல் காயவைத்த பாலாடைக்கட்டி என்று 'இயற்கையானது' என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் பாதி இங்கேயே விழுந்துவிடும். ஐஸ் கட்டியும் அப்படித்தான். வளர்ந்த நாய்களில் கடினப் பொருளைக் கடித்து அதிகம் உடைவது மேல்தாடையின் நான்காம் முன்கடைவாய்ப் பல். அதன் வெளிப்பக்கம் பலகைபோல் பெயர்ந்து வரும். நாய் உடனே அழாது, சாப்பிடுவதை நிறுத்தாது. ஒரு பக்கமாக மட்டும் மெல்லத் தொடங்கும். வாரக்கணக்கில் யாருக்கும் தெரியாது. வளர்ந்த நாயின் பல்லுக்கே இந்தக் கதி என்றால் பால் பல்லைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

காதையும் பயன்படுத்துங்கள். ஏற்ற பொருளைக் குட்டி கடிக்கும்போது மெத்தென்ற நசுங்கல் ஒலியோ, இழை கிழியும் ஒலியோதான் கேட்கும். தலையை ஒருபுறம் சாய்த்து, முன்னங்கால்களுக்கிடையே பண்டத்தை இடுக்கிக்கொண்டு, கடைவாயில் வைத்து அழுத்தும் அந்த நேரத்தில் கல்லில் கல் மோதுவதுபோல் 'டக்' என்று கேட்டால் உடனே வாங்கி வைத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: அளவைக் குட்டியின் வாயோடு வைத்துப் பாருங்கள்

பொட்டலத்தில் 'சிறிய நாய்களுக்கு' என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். பண்டத்தை முகவாயின் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். அது குட்டியின் வாய் அகலத்தைவிடத் தெளிவாக நீளமாக இருக்க வேண்டும். முழுவதும் வாய்க்குள் போய்விடக் கூடாது. சந்தேகம் வந்தால் ஒரு அளவு பெரியதையே எடுங்கள். இந்த விஷயத்தில் பெரியதால் வரும் கேடு குறைவு, சிறியதால் வரும் கேடு மூச்சுத்திணறல்.

வடிவமும் முக்கியம். இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்ட தோல் பண்டங்களில் முதலில் கழன்று வருவது அந்த முடிச்சுதான். அதுவும் தொண்டையில் சிக்குவதற்கென்றே செய்ததுபோன்ற உருண்டையாக. வளையங்கள் கீழ்த்தாடையில் மாட்டிக்கொள்ளும். ஒரே ஒரு துளை உள்ள உள்ளீடற்ற பந்துக்குள் நாக்கு போனால் உள்ளே வெற்றிடம் உண்டாகி நாக்கைப் பிடித்துக்கொள்ளும், வீங்கிய நாக்கைப் பிறகு எளிதில் எடுக்க முடியாது. உள்ளே உணவு நிரப்பும் பொம்மை வாங்கினால் இரண்டு துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

நான்காம் படி: 'விழுங்கிவிட்டால்?' என்று கேளுங்கள்

குட்டி விழுங்கும் என்று வைத்துக்கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு துண்டு உள்ளே போனால் கரையுமா, செரிக்குமா, அல்லது அப்படியே கிடக்குமா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பரவலாகக் கிடைக்கும் வகைகளைப் பார்ப்போம்.

ராஹைடு எனப்படும் பதனிடாத மாட்டுத்தோல் பண்டத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு அதிகம் வாங்கப்படுவது அதுதான். தோலின் உள் அடுக்கைப் பிரித்து, சுண்ணாம்பு போன்ற காரப் பொருளில் ஊறவைத்து முடி நீக்கி, பெரும்பாலும் வெளுப்பாக்கி, உருட்டிக் காயவைக்கிறார்கள். காய்ந்த நிலையில் அது கல். அரை மணி நேரம் எச்சிலில் ஊறிய பிறகு எடுத்துப் பார்த்தால் வெளுத்து, உப்பி, கொழகொழவென்று விரலில் ஒட்டும் பட்டை. குட்டி அதை மென்று தின்பதில்லை, நீளப் பட்டைகளாக உரித்து விழுங்குகிறது. அது வயிற்றில் மெதுவாகவே செரிக்கும், ஈரத்தில் உப்பும், பெரிய துண்டாக இருந்தால் குடலை அடைக்கும். 2017இல் அமெரிக்காவில், தயாரிப்பில் பயன்படுத்திய கிருமிநாசினி வேதிப்பொருள் கலந்திருந்ததால் பல வகை ராஹைடு பண்டங்கள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. வளர்ந்த, நிதானமாக மெல்லும் நாய்க்கு இதைக் கொடுக்கலாமா என்று வாதிடலாம். குட்டிக்கு வேண்டாம் என்பதே என் முடிவு.

எலும்பு. வெந்த எலும்பு சில்லு சில்லாகப் பிளந்து வாயையும் உணவுக்குழாயையும் குத்தும். எந்த வயது நாய்க்கும் கூடாது. கடையில் புகையூட்டி, மணமூட்டி விற்கும் 'எலும்புத் தின்பண்டமும்' விதிவிலக்கு அல்ல. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் இவற்றைப் பற்றி எச்சரித்தபோது 68 புகார்கள் வந்திருந்தன, ஏறத்தாழ 15 நாய்கள் இறந்திருந்தன. வேகாத எலும்பு பிளவுபடுவது குறைவு என்பார்கள். ஆனால் பல் உடையும் ஆபத்தும் கிருமி ஆபத்தும் அதில் அப்படியே இருக்கின்றன. பெரிய இனக் குட்டிகளுக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது: ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியின் உடலுக்கு, உணவில் வரும் கூடுதல் கால்சியத்தை உறிஞ்சாமல் தடுக்கும் திறன் போதாது. அதிகக் கால்சியம் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். சரிவிகிதக் குட்டி உணவு சாப்பிடும் நாய்க்கு மேற்கொண்டு கால்சியம் தேவையே இல்லை.

காளையின் பிறப்புறுப்பை உலர்த்திச் செய்யும் புல்லி ஸ்டிக், பல்லுக்கு எலும்பைவிட மென்மையானது, செரிக்கவும் செய்யும். குறை வேறு இடத்தில் இருக்கிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் 26 குச்சிகளைச் சோதித்தார்கள். ஓர் அங்குலத்துக்கு 9 முதல் 22 கலோரி வரை இருந்தது; மூன்றில் ஒரு பங்கில் நோய் உண்டாக்கக்கூடிய பாக்டீரியாக்களும் இருந்தன. தடிமனான குச்சிகள் சில நகச் சோதனையில் தேறாது. கொடுப்பதானால் மெல்லியதாக, நீளமானதாக, ஒரு முனையை உங்கள் கையில் பிடித்துக்கொண்டு கொடுங்கள். கடைசி மூன்று விரல் நீளத்தைக் குப்பையில் போடத் தயங்காதீர்கள்.

உலர்ந்த மீன்தோல், கொலாஜன் குச்சி போன்றவை ராஹைடைவிட நன்றாகக் கரையும், செரிக்கும். ஆனால் கொழுப்பையும் உப்பையும் பார்த்து வாங்க வேண்டும். பன்றிக் காது கொழுப்பு மிகுந்தது; அமெரிக்காவில் 2019இல் 150க்கும் மேற்பட்ட மனிதர்களுக்குப் பரவிய சால்மொனெல்லா நோய்த்தொற்றுக்கு நாய்களுக்கான பன்றிக் காதுகளே காரணம் என்று கண்டறியப்பட்டது. அதைத் தவிர்ப்பதால் குட்டிக்கு இழப்பு ஒன்றும் இல்லை.

பல் சுத்தம் செய்யும் மெல்லும் பண்டங்களில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கால்நடை வாய்நலக் குழு (VOHC) என்ற அமைப்பின் முத்திரை பெற்ற பண்டம், பற்படலத்தையோ காரையையோ குறைக்கிறது என்று சோதனையில் காட்டியிருக்கிறது. அது பயனுக்கான சான்று. உங்கள் மூன்று மாதக் குட்டிக்கு ஏற்றது என்பதற்கான சான்று அல்ல. இத்தகைய பண்டங்கள் பலவற்றில் 'ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிகளுக்குக் கொடுக்க வேண்டாம்' என்று சிறிய எழுத்தில் இருக்கும். குறைந்தபட்ச எடையும் குறித்திருப்பார்கள். இரண்டையும் தேடிப் படியுங்கள்.

அப்படியானால் எதைத்தான் கொடுப்பது? குட்டிகளுக்கென்று மென்மையாகச் செய்த ரப்பர் பொம்மைதான் என் முதல் தேர்வு. அது தின்பண்டம் அல்ல. ஆனால் உள்ளே குட்டியின் வழக்கமான உணவை ஊறவைத்து நிரப்பிச் சற்றே உறையவைத்தால் தின்பண்டமாகிவிடும். கலோரி கூடாது, வயிறு கெடாது, குளிர்ச்சி ஈறுக்கு இதமாக இருக்கும். வளர்ந்த நாய்க்கான கெட்டி ரப்பரை வாங்கிவிடாதீர்கள். நகச் சோதனை இதற்கும் உண்டு. சுத்தமான துணியை நனைத்து முறுக்கி உறையவைத்துக் கொடுப்பதும் பல் முளைக்கும் வாரங்களில் நன்றாக வேலை செய்யும். குட்டி துணியைப் பிய்த்து விழுங்கத் தொடங்கினால் அன்றோடு அந்தப் பழக்கத்தை நிறுத்திவிடுங்கள். குளிரவைத்த முழு கேரட்டும் நல்லது. தடிமனானதைத் தேர்ந்தெடுத்து நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். வட்டமாக நறுக்கிய துண்டு தொண்டையை மூடிவிடும்.

டென்னிஸ் பந்தை மெல்லக் கொடுப்பவர்கள் உண்டு. அதன் மேலுறை எனாமலைத் தேய்க்கும். உரிந்த துண்டுகள் வயிற்றுக்குப் போகும். எறிந்து விளையாடிவிட்டு எடுத்து வைத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: பொட்டலத்தின் பின்பக்கம்

முன்பக்கப் படத்தைப் பார்த்தது போதும், திருப்புங்கள். சேர்மானப் பட்டியல் குறுகியதாக இருப்பது நல்லது. முதலில் தேட வேண்டிய பெயர் சைலிட்டால். சர்க்கரைக்கு மாற்றான இந்த இனிப்பு, பிர்ச் சர்க்கரை என்ற பெயரிலும் வரும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே நாயின் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். அதிகமானால் கல்லீரல் செயலிழக்கும். ரப்பர் பொம்மைக்குள் தடவும் வேர்க்கடலை வெண்ணெயில் இது இருக்கிறதா என்று ஒவ்வொரு புட்டியையும் படித்துப் பார்க்க வேண்டும். உலர் திராட்சை, வெங்காயத்தூள், பூண்டுத்தூள், சாக்லேட் இருந்தாலும் அந்தப் பொட்டலத்தைத் திரும்ப வைத்துவிடுங்கள். தயாரித்தவரின் முகவரி, தொகுதி எண், காலாவதித் தேதி இல்லாத, திறந்த பெட்டியில் அள்ளிப் போட்டு விற்கும் பண்டத்தை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்க வேண்டாம். பண்டம் திரும்பப் பெறப்பட்டால் உங்களிடம் இருப்பது எந்தத் தொகுதி என்று தெரிந்துகொள்ளவே முடியாது.

ஆறாம் படி: முதல் முறை கொடுக்கும்போது

ஒரு நேரத்தில் ஒரு புதிய பண்டம் மட்டும். முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். மறுநாள் மலம் இளகினால் அந்தப் பண்டத்தை நிறுத்துங்கள், இளகவில்லை என்றால் பத்துப் பதினைந்து நிமிடமாக நீட்டலாம். இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு அடுத்ததை அறிமுகப்படுத்தினால், வயிறு கெட்டால் எது காரணம் என்று தெரியும்.

அருகில் உட்கார்ந்து பாருங்கள். தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருப்பதைக் கண்காணிப்பு என்று சொல்ல முடியாது. எல்லாக் குட்டிகளும் ஒரேபோல் கடிப்பதில்லை: சில நக்கி நக்கி மணிக்கணக்கில் கரைக்கும், சில துண்டு துண்டாகப் பிய்த்துப் போடும், சில நான்கு கடியில் விழுங்கப் பார்க்கும். விழுங்கும் இரகக் குட்டிக்கு மற்றவர்கள் பரிந்துரைக்கும் நல்ல பண்டமும் ஆபத்துதான்; அதற்கு ரப்பர் பொம்மையோடு நின்றுகொள்வது நல்லது. வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் தனித்தனி இடத்தில் கொடுங்கள். போட்டி வந்தால் நிதானமான குட்டியும் அவசர அவசரமாக விழுங்கும்.

துண்டு வாய்க்குள் போகும் அளவுக்குக் குறுகியதும் வாங்கிவிட வேண்டும். இங்கேதான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். வாயிலிருந்து பிடுங்கினால் குட்டி இரண்டு பாடம் கற்கும்: கை வந்தால் பறிபோகும், ஆகவே உறும வேண்டும், அல்லது கை வருவதற்குள் விழுங்கிவிட வேண்டும். இரண்டாவது பாடம் உயிருக்கே ஆபத்து. அதற்குப் பதிலாக மாற்றிக் கொடுக்கப் பழக்குங்கள். மணமுள்ள மென்மையான தீனி ஒன்றை மூக்கருகே கொண்டுபோங்கள். குட்டி பண்டத்தை நழுவவிடும் அந்த நொடியில் 'விடு' என்று சொல்லித் தீனியைக் கொடுங்கள். அது தின்னும்போது மற்றொரு கையால் பண்டத்தை எடுங்கள். தொடக்க நாட்களில், எடுத்த பண்டத்தைப் பெரும்பாலான முறை திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விட்டுக்கொடுத்தால் இழப்பில்லை என்று தெரிந்த குட்டி, அவசரத்துக்கு நீங்கள் 'விடு' என்னும்போது வாயைத் திறக்கும்.

அளவும் சுத்தமும்

தின்பண்டங்கள் எல்லாம் சேர்த்து ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நான்கு மாதம் கடந்த 5 கிலோ குட்டிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 470 கலோரி தேவைப்படும் என்று வைத்துக்கொண்டால், தின்பண்டத்துக்கு 47தான். மேலே சொன்ன ஆய்வின் கணக்குப்படி ஆறு அங்குலப் புல்லி ஸ்டிக் ஒன்று 54 முதல் 132 கலோரி வரை வரும். ஒரே உட்காரலில் முழுக் குச்சி கூடாது என்பதற்கு மூச்சுத்திணறல் மட்டும் காரணமல்ல.

விலங்குப் பொருளால் ஆன எந்தப் பண்டத்தைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தவழும் குழந்தை இருக்கும் தரையில் எச்சில் ஊறிய பண்டம் கிடக்கக் கூடாது. ரப்பர் பொம்மையின் உட்பக்கத்தை ஒவ்வொரு முறையும் தேய்த்துக் கழுவுங்கள். வெடிப்பு, பிய்ந்த இடம் தெரிந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள்.

சிக்கிக்கொண்டால்

குட்டி முன்னங்காலால் வாயைப் பிறாண்டுவது, சத்தமே இல்லாமல் வாயைப் பிளப்பது, ஈறு நீலம் பாய்வது ஆகியவை மூச்சுக்குழாய் அடைபட்டதன் அறிகுறிகள். வாயைத் திறந்து பாருங்கள். துண்டு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் விரலால் எடுங்கள். தெரியாமல் துழாவினால் இன்னும் உள்ளே தள்ளிவிடுவீர்கள். சிறிய குட்டி என்றால் தலை கீழே தாழும்படி உடலோடு அணைத்துப் பிடித்து, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து முறை வரை விரைவாகத் தட்டுங்கள். துண்டு வெளியே வந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். வரவில்லை என்றால் போகும் வழியெல்லாம் தட்டுவதைத் தொடர வேண்டும். காரை ஓட்ட வேறொருவர் வேண்டும்.

குடல் அடைப்பு இப்படி உடனே காட்டாது. ஒரு நாளோ சில நாட்களோ கழித்துத் திரும்பத் திரும்ப வாந்தி, உணவில் வெறுப்பு, சோர்வு, முக்கியும் மலம் வராமை, வயிற்றைத் தொட்டால் சுருங்குவது என்று வரும். வீட்டில் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். உப்பே நஞ்சாகலாம், கூரிய துண்டு திரும்பி வரும்போது உணவுக்குழாயைக் கிழிக்கலாம். மருத்துவரிடம் போகும்போது பண்டத்தின் மீதித் துண்டையும் பொட்டலத்தின் உறையையும் எடுத்துச் செல்லுங்கள். ராஹைடு, துணி போன்றவை எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாமல் போகலாம். எதை, எவ்வளவு, எத்தனை மணிக்கு விழுங்கியது என்று நீங்கள் சொல்வதை வைத்துத்தான் அவர் அடுத்த சோதனையை முடிவு செய்வார்.